நடுநிலை வாசகர்

பொய்ப்பல் செய்கிற அந்த லேபில் சொந்தப் பெயர் யாருக்கும் தங்கியதில்லை. அச்சில் பிளாஸ்டர் ஊற்றுகிறவர் பிளாஸ்டர். கம்பி வளைக்கிறவர் கம்பி. மெழுகில் ஈறு செதுக்கிப் பல் அடுக்குகிறவள் மெழுகு. எல்லாம் முடிந்து வருகிற பல் செட்டைச் சக்கரத்தில் பிடித்து வழுவழுவென்று ஆக்கி அனுப்புகிறவள் பாலிஷ். வயதில் மூத்தவள் என்பதால் பாலிஷ் அக்கா. மெழுகும் பாலிஷ் அக்காவும் பதினொரு வருடமாக அடுத்தடுத்த மேசை. ஒருத்தி தும்மினால் இன்னொருத்தி மூக்கைத் துடைத்துக்கொள்வாள் என்று ஓனர் கேலி செய்வார்.

அந்த மெழுகுதான் நாவல் எழுதினாள். கொலை நாவல். ஒருவன் வரிசையாக ஆட்களைக் கொல்கிறான். ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் அந்த வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை நிறுத்திவிட்டுப் போகிறான். அவனைத் துரத்துவது ஒரு பெண் இன்ஸ்பெக்டர். நாற்பத்தாறு வயது, முன்கோபி, தனியாக வாழ்கிறவள். புத்தகம் வந்து நாலு மாதம் ஆகிறது. இணையத்தில் வாசகர்கள் கருத்து எழுதுகிற பக்கத்தில் ஐந்து நட்சத்திரத்துக்கு நாலரை வாங்கி நிமிர்ந்து நிற்கிறது. இதுவரை அறுநூற்றுப் பன்னிரண்டு கருத்துகள்.

அறுநூற்றுப் பன்னிரண்டையும் பாலிஷ் அக்கா படித்திருந்தாள். புத்தகத்தைத்தான் படிக்கவில்லை.

எதற்குப் படிக்க வேண்டும்? அது முளைவிட்டபோதே பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள். அந்த லேபில் 'கொதி நேரம்' என்று ஒன்று உண்டு. மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஈறு நிறப் பசையை அடைத்து, பித்தளைக் குடுவையை இறுக்கி மூடி வெந்நீர்த் தொட்டியில் இறக்கினால், முழுசாக ஒன்றரை மணி நேரம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அவசரப்பட்டு எடுத்தால் உள்ளே குமிழி விழுந்து செட்டே பாழ். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் எல்லோரும் சாப்பிடுவார்கள். மெழுகு இரண்டு வாயில் சாப்பாட்டை முடித்துவிட்டு, நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "அக்கா, நேத்து எழுதினது" என்று படிக்க ஆரம்பிப்பாள். தொட்டியில் தண்ணீர் களகளவென்று கொதிக்கும். பாலிஷ் அக்கா காலை நீட்டிக்கொண்டு கேட்பாள். அப்படி இரண்டு வருடம். அந்த இன்ஸ்பெக்டர் முதல் பிணத்தின் முன்னால் நின்று கொட்டாவி விட்டபோது உலகத்தில் அதைப் பார்த்தவள் பாலிஷ் அக்கா ஒருத்திதான்.

இப்போது கொதி நேரத்தில் மெழுகு போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாசகர்களுக்குப் பதில் எழுத வேண்டுமாம்.

தோழி பேர் வாங்கியதில் தனக்கு ஒரு எரிச்சலும் இல்லை என்று பாலிஷ் அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாலு பேரிடம் பெருமையாகக்கூடச் சொன்னாள். அவளைத் தின்றது வேறு. முகம் தெரியாத ஆட்கள் 'நம்ம இன்ஸ்பெக்டர்' என்று எழுதினார்கள். நம்ம! யாருக்கு நம்ம? சொந்த வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் முன்னறை முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருக்க, "வாங்க, நீங்க யாரு?" என்று கேட்டால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது.

ஆனாலும் படிக்காமல் இருக்க முடியவில்லை. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் விரல் தானாக அந்தப் பக்கத்துக்குப் போகும்.

ஒருவர் எழுதியிருந்தார்: 'கொலைகாரன் யார் என்று நாற்பதாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன்.' பொய்யன் என்று முணுமுணுத்தாள். நாற்பதாம் பக்கத்தில் மெழுகுக்கே அது தெரியாது. இன்னொரு அம்மாள்: 'என் மாமியாரிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். இரண்டு நாள் வீட்டில் சத்தமே இல்லை. ஐந்து நட்சத்திரம்.' இதற்கு அவளையும் அறியாமல் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டாள். 'பெண் போலீஸ் என்றால் பாதியில் காதல் வந்து, கடைசியில் யாராவது ஆண் வந்து காப்பாற்றுவான். இவளை யாரும் காப்பாற்றவில்லை. நன்றி' என்று ஒருத்தி. 'ரத்தம் கொஞ்சம் தூக்கல்' என்று ஒருவர் சாப்பாட்டில் உப்புப் பார்த்த மாதிரி. அப்புறம் திரும்பத் திரும்ப, குறைந்தது ஐம்பது பேராவது, ஒரே விஷயம்: 'யோசிக்கும்போது இன்ஸ்பெக்டர் நாக்கு நுனியால் முன்பல்லைத் தொட்டுப் பார்க்கிறாரே, அந்த ஒரு பழக்கத்துக்காகவே இவரை மறக்க முடியாது.'

இதைப் படிக்கும்போதெல்லாம் பாலிஷ் அக்காவின் நாக்கு தன் முன்பல்லைத் தொட்டது.

அது பொய்ப்பல். மேல் வரிசையில் நடுவில் இடது பக்கம். இளம் வயதில் படியில் விழுந்து போனது. பக்கத்துப் பற்களை ராவி நிரந்தரமாகக் கட்டிக்கொள்ள அவளுக்கு மனசில்லை; அதனால் கம்பிக் கொக்கியோடு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற, கழற்றி மாட்டுகிற ஒற்றைப் பல் தகடு. லேபில் சேர்ந்த புதிதில் மெழுகு செய்து கொடுத்தது. பதினாறு நிறப் பற்கள் கோத்த அட்டையை எடுத்துக்கொண்டு, அவளை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, "சிரிக்கா, இன்னும் கொஞ்சம் சிரி" என்று ஒரு காலை முழுக்கப் பார்த்தாள். அட்டையில் எந்த நிறமும் சரிவராமல் இரண்டு நிறத்தைக் கலந்தாள். அன்றிலிருந்துதான் அவர்கள் சிநேகிதம்.

ஒன்பதாவது அத்தியாயத்தை மெழுகு படித்த நாள் பாலிஷ் அக்காவுக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது கொலை நடந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனில் தனியாக உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டு, தன் ஒற்றைப் பொய்ப்பல்லைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போடுகிறாள். ஓட்டை வாயோடு உட்கார்ந்து யோசிக்கிறாள். அப்போதுதான் அவளுக்குத் தெளிவு வருகிறது. மெழுகு மூன்று பக்கம் அதை எழுதியிருந்தாள். படித்து முடித்ததும், "எப்படிக்கா?" என்று ஆவலோடு கேட்டாள்.

"நல்லாருக்கு" என்றாள் பாலிஷ் அக்கா, கையால் வாயை மூடிக்கொண்டு. எழுந்து போய்ச் சக்கரத்தைப் போட்டுவிட்டாள். ஒரு வாரம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். அவ்வளவுதான். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

ஆனால் மனசு விசித்திரமானது. முதலில் சுட்ட அந்த மூன்று பக்கம், நாளாக ஆகக் குளிர்ந்தது. பிறகு இனித்தது. துப்பாக்கி வைத்திருக்கிற, யாருக்கும் பயப்படாத ஒருத்தி இவள் பல்லை வாயில் வைத்துக்கொண்டு திரிகிறாள் என்பது பாலிஷ் அக்காவுக்கு ரகசியமாகப் பிடித்துப்போனது. குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒருநாள் தகட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மெழுகிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போது அந்தப் பல்லைத்தான் ஐம்பது பேர் ரசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளக் கூடியதாகத்தான் இருந்தது, போலீஸ் அம்மா வரும்வரை.

போலீஸ் அம்மா என்பது அந்தக் கருத்துப் பக்கத்தில் ஒருத்தி வைத்துக்கொண்ட பெயர். ஓய்வு பெற்ற நிஜப் போலீஸ்காரி. பக்கம் பக்கமாக எழுதினாள். கைவிலங்கை எந்தக் கையில் முதலில் மாட்டுவது, பிண அறையில் மூக்கை மூடாமல் நிற்க எத்தனை வருடம் ஆகும், இப்படி. மெழுகு அவளுக்கு மட்டும் நீளமாகப் பதில் எழுதினாள். பிறகு போனில் பேசினார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"செம ஆளுக்கா அவங்க. உட்கார்ந்த இடத்துலயே என் வீட்டுல எத்தனை பேர், நான் எந்தக் கையால எழுதுவேன், எல்லாம் சொல்லிட்டாங்க."

"ஓகோ. ஜோசியமும் பார்ப்பாங்களா?"

"அக்கா!"

"இல்ல, தெரிஞ்சுக்கலாமேன்னு கேட்டேன்."

பிளாஸ்டர் அங்கிருந்து, "ரெண்டு பேருக்கும் நடுவுல கொஞ்சம் பிளாஸ்டர் ஊத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டு, யாரும் சிரிக்காததால் தன் வாளியைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த நாள் மெழுகு ஓனரிடம் போகிற போக்கில் சொன்னது பாலிஷ் அக்காவின் காதில் விழுந்தது: "ரெண்டாவது புத்தகம் எழுதி முடிச்சிட்டேன் சார்."

முடித்துவிட்டாளா? எப்போது எழுதினாள்? கொதி நேரத்தில் ஒரு வரிகூடப் படிக்கவில்லையே. சரி, இந்தத் தடவை மொத்தமாகக் கொடுப்பாள் என்று பாலிஷ் அக்கா எதிர்பார்த்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் மெழுகின் பை மேல்தான் கண். நீல நிறக் கோப்பு ஒன்று அதிலிருந்து எட்டிப் பார்த்தது. திங்கள் எட்டிப் பார்த்தது. வெள்ளிவரை எட்டிப் பார்த்தது. அடுத்த திங்கள் பை சப்பையாக வந்தது.

வீட்டில் இருக்கிற புத்தகப் பிரதியின் முதல் பக்கத்தில் மெழுகின் கையெழுத்தில் 'என் முதல் வாசகி அக்காவுக்கு' என்று இருக்கிறது. பாலிஷ் அக்கா அதைத் திறந்து பார்த்தது அந்த ஒரு பக்கம் வரைக்கும்தான். அந்தப் பதவி தன்னிடம் இருக்கிறவரை மற்ற அறுநூறு பேரும் வாசலோடு சரி. இப்போது நீலக் கோப்பு வேறு எங்கோ போயிருக்கிறது. எங்கே என்று கேட்டிருக்கலாம். கேட்டால், தான் காத்திருந்தது தெரிந்துவிடும்.

அன்று மாலை பேருந்தில், அவள் அந்தப் பக்கத்தில் புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினாள். பெயர் கேட்டது. கொஞ்சம் யோசித்து 'நடுநிலை வாசகர்' என்று அடித்தாள். நாலு நிறுத்தம் தாண்டுவதற்குள் எழுதி முடித்துவிட்டாள். இவ்வளவு வேகமாக அவள் எதையும் எழுதியதில்லை.

'எல்லோரும் புகழ்கிறார்களே என்று வாங்கிப் படித்தேன். ஏமாற்றம். போலீஸ் வேலையில் இருப்பவருக்குப் பொய்ப்பல் இருக்கக் கூடாது என்று சட்டமில்லை. அதற்காக, யோசிக்கும்போது அதைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டுவிட்டு உட்காருவதா? ஒற்றைப் பல் தகட்டைக் கண்ட நேரத்தில் கழற்றி மாட்டினால் கம்பி தளர்ந்துவிடும் என்பதுகூடத் தெரியவில்லை. பல்லைப் பற்றி எதுவுமே தெரியாதவர் எழுதியது போலிருக்கிறது. நாயகியின் குறையைக் காட்டி இரக்கம் சம்பாதிப்பது மலிவான வேலை. இரண்டு நட்சத்திரம்.'

ஒரு நட்சத்திரம் கொடுக்க விரல் போனது. நடுநிலை வாசகர் ஆயிற்றே என்று இரண்டாக்கினாள்.

பேருந்தை விட்டு இறங்கியபோது உடம்பு லேசாக இருந்தது. வீட்டு முனை வருவதற்குள் அந்த லேசு போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மகள் போனை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கல்லூரியில் படிக்கிறாள், மெழுகைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். சித்தி புத்தகத்தை மூன்று தடவை படித்தவள்.

"அம்மா, இங்க பாரு, சித்தி புத்தகத்துக்கு ஒரு லூசு கருத்து எழுதியிருக்கு. நடுநிலை வாசகராம், நடுநிலை!"

"சாப்பிடும்போது போனை வை" என்றாள் பாலிஷ் அக்கா.

"இருமா, அப்பா கேக்கட்டும்." மகள் ராகம் போட்டு முழுதும் படித்தாள். "பொய்ப்பல்லாம்! டம்ளராம்! எந்தப் பல்லுடா? இன்ஸ்பெக்டருக்குப் பொய்ப்பல்லே கிடையாதே!"

பாலிஷ் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கிடையாதா?"

"எங்கேம்மா இருக்கு? புத்தகம் பூரா இல்ல. நீதான் படிச்சியே."

"படிச்சேன்... மறந்துபோச்சு."

"நாக்கால பல்லைத் தொடுவாங்க. அவ்வளவுதான். அது நிஜப் பல்லு." மகள் போனை நீட்டினாள். "நான் கீழ 'எந்தப் பல்? முதலில் புத்தகத்தைப் படியுங்கள்'னு போட்டேன். நூத்தி நாப்பது பேர் லைக் போட்டிருக்காங்க. எல்லாரும் அதையே கேக்கறாங்க பாரு. எந்தப் பல், எந்தப் பல், எந்தப் பல்..."

"வேற எதையோ படிச்சிட்டு வந்து இதுல எழுதியிருப்பான், பாவம்" என்று சிரித்த கணவர், "என்ன எழுதியிருக்கான், கம்பி தளர்ந்துடுமா?" என்று கேட்டார். கேட்டவர் பாதிச் சிரிப்பில் நின்றார். மனைவியின் வாயை ஒரு கணம் பார்த்தார். பிறகு தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, மகளிடம் பரீட்சை எப்போது என்று விசாரிக்க ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் அவர் செய்த உதவிகளில் அது பெரியது. அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

பாத்திரத்தைப் போட்ட கையோடு அலமாரியில் இருந்து புத்தகத்தை எடுத்தாள். ஒன்பதாவது அத்தியாயம். மூன்றாவது கொலை நடந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனில் தனியாக உட்கார்ந்து கதவைச் சாத்துகிறாள். அடுத்த வரி: 'நாக்கு நுனியால் முன்பல்லை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.' அதற்கடுத்து நேராக யோசனை. டம்ளர் இல்லை. தண்ணீர் இல்லை. மூன்று பக்கம் இருந்த இடத்தில் ஒரு வரி.

எடுத்துவிட்டாள்.

அவமானம் வருவதற்கு முன்னால், வெட்கம் வருவதற்கு முன்னால், பாலிஷ் அக்காவுக்கு வந்தது கோபம்தான். என் பல்லை யாரைக் கேட்டு எடுத்தாள்? இத்தனை நாளும் அறுநூறு பேர் அவள் பல்லை எடுத்துக்கொண்டார்கள் என்று வயிறு எரிந்தது. இப்போது அது அவர்கள் யாரிடமும் இல்லவே இல்லை என்று எரிந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் எரிகிற வயிற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதன் பிறகுதான் மற்றது உறைத்தது. டம்ளரைப் பற்றித் தெரிந்த ஆட்கள் அவள் அறிந்து இரண்டே பேர். ஒருத்தி எழுதியவள்.

காலையில் மெழுகு எப்போதும்போல வந்தாள். பையை மாட்டினாள். விளக்கைப் பற்றவைத்து, கத்தியைச் சூடாக்கி, மெழுகில் ஈறு செதுக்க ஆரம்பித்தாள். "அக்கா" என்று கூப்பிடவில்லை. பாலிஷ் அக்கா சக்கரத்தைப் போட்டாள். ஒரு கிழவருக்குப் போகவேண்டிய கீழ் வரிசைச் செட்டை மினுக்கி மினுக்கி, ஈறு விளிம்பு தேய்ந்து மெல்லிசாகிவிட்டது. பதினொரு வருடத்தில் அவள் கையால் ஒரு செட் வீணானது அன்றுதான்.

குடுவைகள் தொட்டிக்குள் இறங்கின. கொதி நேரம். கம்பியும் பிளாஸ்டரும் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, காற்று சரியில்லை என்று கண்டுகொண்டவர்களாக, மாடிப் பக்கம் நடையைக் கட்டினார்கள்.

மெழுகு டப்பாவைத் திறந்தாள். மூடினாள்.

"பல்லைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதாக்கா?"

பாலிஷ் அக்கா தன் டப்பாவின் மூடியைத் திருகினாள்.

"உன் வாயில இருக்கறது யார் செஞ்சது?"

"நீதான்."

"கம்பி தளர்ந்துச்சா? பதினொரு வருஷத்துல ஒரு தடவை?"

"இல்ல."

"அப்புறம்?" மெழுகு டப்பாவை ஓரமாகத் தள்ளினாள். "மத்ததை விடு. மலிவான வேலைன்னு எழுதினியே. அந்த மூணு பக்கம் எழுத எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. புத்தகம் போட்டவங்க அந்த மூணு பக்கத்துக்காகத்தான் கதையையே ஏத்துக்கிட்டாங்க. அதை நீக்கக் கூடாதுன்னு என்கிட்ட சண்டை போட்டாங்க. நான்தான் எடுத்தே ஆகணும்னு நின்னேன்."

"ஏன் எடுத்தே?"

"ஏனா? அன்னைக்கு நீ கையால வாயை மூடிக்கிட்டே. ஒரு வாரம் சுவத்தைப் பாத்துச் சாப்பிட்டே. எனக்குக் கண்ணில்லையா?"

தொட்டியில் தண்ணீர் கொதித்தது. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் இது என்று பாலிஷ் அக்காவுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"என்னைக் கேக்காம வச்சே. என்னைக் கேக்காம எடுத்தே."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "வச்சப்போ கேட்டிருந்தா, வேண்டாம்னு சொல்லியிருப்பேன். எடுத்தப்போ கேட்டிருந்தா..." மேசை மேல் இருந்த மினுக்குப் பொடியில் விரலால் கோடு போட்டாள். "இருக்கட்டும்னு சொல்லியிருப்பேன். எனக்குப் பிடிச்சுப் போச்சு."

"எப்போலேந்து?"

"அப்புறமா."

"என்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"நாலு மாசமா கையில புத்தகத்தை வச்சிருக்கே. நல்லாருக்கு, நல்லால்ல, ஒரு வார்த்தை? ஊர்ல இருக்கறவன் எல்லாம் எழுதறான். நான் தினமும் போனைத் திறக்கறதே, நீ ஏதாவது போட்டிருக்கியான்னு பாக்கத்தான். கடைசியில போட்டே." மெழுகு சிரித்தாள், அது சிரிப்பாக இல்லை. "எனக்கு வேற ஒண்ணு தோணுச்சுக்கா நேத்து. திட்டி எழுதினதுகூட வலிக்கல. நீ படிக்கவே இல்லையேன்னுதான்."

படித்திருந்தால் அந்தப் பல் அங்கே இல்லை என்பது தெரிந்திருக்கும். அந்த ஒரு கருத்தில் பாலிஷ் அக்கா தன் பெயரைத் தவிர எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

"நீலக் கோப்பு எங்கே?" என்று கேட்டாள். கேட்டே விட்டாள்.

"போலீஸ் அம்மாகிட்ட. ஞாயித்துக்கிழமை கொடுத்தேன்."

"முதல்லயா?"

"முதல்லதான். உனக்கு முதல் புத்தகமே பிடிக்கலன்னு நெனச்சேன். ஒரு வாரம் பையில வச்சுத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். நீ ஒரு தடவை, 'என்னடி அது'ன்னு கேட்டிருந்தா போதும். உன் மேசையில வச்சிருப்பேன்."

பாலிஷ் அக்கா தினமும் அந்தக் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெழுகு தினமும் அவள் கேட்பாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

பாலிஷ் அக்காவுக்கு அழுகை வரவில்லை. எரிந்ததுதான் எரிந்தது. இந்நேரம் அந்தப் போலீஸ்காரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சொகுசாகச் சாய்ந்துகொண்டு, யாரும் பார்க்காத பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருப்பாள். எச்சில் தொட்டுத் திருப்புகிறவளாக இருந்தால் இன்னும் மோசம்.

"அவங்க முடிச்சதும் எனக்குக் கொடு" என்றாள். சொல்ல முடிந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "ரெண்டாவதா படிக்கறேன்."

மெழுகு டப்பாவைத் திறந்து, பாதியை எடுத்துச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்தாள். "முதல்ல இதைப் படி" என்று தன் பையிலிருந்து முதல் புத்தகத்தின் பிரதி ஒன்றை எடுத்து இரண்டு மேசைக்கும் நடுவில் வைத்தாள். "இங்கேயே. என் முன்னாடி. அப்புறம் பாக்கலாம்."

அடுத்து வந்த ஆறு கொதி நேரங்களிலும் பாலிஷ் அக்கா அந்தப் புத்தகத்தைப் படித்தாள். மெழுகு போனைப் பார்க்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, படிக்கிறவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. "உப்பு வேணுமா?" "போதும்" என்கிற அளவில்தான் பேச்சு. அந்தக் கருத்தை அழிக்கட்டுமா என்று மூன்றாம் நாள் பாலிஷ் அக்கா தயங்கிக் கேட்டபோது, "வேண்டாம், இருக்கட்டும்" என்றாள் மெழுகு. "எந்தப் பல்லு எந்தப் பல்லுன்னு தேடி நாலு பேர் மறுபடியும் படிக்கறாங்க."

நாக்கு நுனி முன்பல்லைத் தொடுகிற வரி புத்தகத்தில் மொத்தம் ஏழு இடத்தில் வந்தது. ஒவ்வோர் இடத்திலும் பாலிஷ் அக்கா கொஞ்சம் நின்றாள். பொய்ப்பல்லைக் கழற்றிப் போடத் தெரிந்த ஒருத்தி, கழற்ற முடியாத இடத்தில் உட்கார்ந்து, அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். மெழுகு அதை அப்படியே விட்டிருக்கிறாள். பல்லை எடுத்தவள் நாக்கை எடுக்கவில்லை.

ஆறாம் நாள், கடைசிப் பக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், மெழுகு பேச்சுக்குப் பேச்சாகச் சொன்னாள்: "போலீஸ் அம்மா நேத்து மறுபடியும் கேட்டாங்க. கோப்பைப் பாதி படிச்சிட்டாங்களாம். இன்ஸ்பெக்டர் ஏன் பல்லைத் தொடறாங்க, எனக்கு மட்டுமாவது சொல்லுன்னு."

"அவங்களுக்குத் தெரியலையா? உட்கார்ந்த இடத்துலயே எல்லாம் சொல்லிடுவாங்களே."

"தெரியலையாம்."

பாலிஷ் அக்காவின் நெஞ்சுக்குள் நாலு மாதமாக இறுகிக் கிடந்த ஒன்று கொஞ்சம் அசைந்தது. நல்ல குணம் என்று அதைச் சொல்ல முடியாது. அவள் அதைச் சரியாகவே அடையாளம் கண்டுகொண்டாள். அதே பழைய எரிச்சல்தான், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"நீ சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாதே."

கேட்கிற தொனியில் வரவேண்டியது உத்தரவாக வந்துவிட்டது. மெழுகு அவளைப் பார்த்தாள். உதட்டை அழுத்திச் சிரிப்பை உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"சரிக்கா" என்றாள்.

தொட்டியின் மணி அடித்தது. பாலிஷ் அக்கா பக்கத்தில் விரலை வைத்துப் புத்தகத்தை மூடிவிட்டு, இடுக்கியை எடுத்து, கொதிநீரிலிருந்து முதல் குடுவையைத் தூக்கினாள்.